அத்தியாயம் 5: மில் கேட் முதல் வீட்டு வாசல் வரை

தேவதானத்தில் வீடு, ராஜபாளையத்தில் வேலை என்று இருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய அத்தியாயம் இது. நூற்பாலையில் ஷிப்ட் பார்ப்பவர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்பவர், சத்திரப்பட்டியில் வீட்டோடு தறி போட்டிருப்பவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் போன் ஓயாத ஆசிரியர் எல்லோருக்கும் இதில் ஒரு பகுதி உண்டு. உங்களுக்கான தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## தேவையான அளவுக்குக் கோட்பாடு

ஃபிரேமில் இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். தாமதித்தால் கேள்வி வரும். வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடக் கதையைச் சொல்லக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரப்படுத்தினால் கதையே வராது. இரண்டு இடத்துக்கும் வேண்டிய வேகம் வேறு, குரல் வேறு. ஒன்றை இறக்கி வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ள இடையில் கொஞ்ச நேரம் தேவை. பல வீடுகளில் சண்டை வெடிப்பது வேலையிலிருந்து திரும்பிய முதல் அரை மணி நேரத்தில்தான். அந்த அரை மணி நேரத்தைச் சரிசெய்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

கிறிஸ்டினா நிப்பர்ட்-எங் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1996-ல் வெளியிட்ட நூலில், மனிதர்களின் சாவிக்கொத்தையும் காலண்டரையும் வைத்தே ஆளை எடைபோட்டார். வீட்டுச் சாவியையும் ஆபீஸ் சாவியையும் ஒரே வளையத்தில் போட்டிருப்பவர் இரண்டையும் கலந்து வாழ்கிறவர். தனித்தனி வளையம் வைத்திருப்பவர் பிரித்து வாழ்கிறவர். இதில் உயர்வு தாழ்வு கிடையாது. ஆனால் மில் கதையை வீட்டில் கொட்டினால்தான் மனம் ஆறும் என்கிற ஒருவரும், கேட்டைத் தாண்டியதும் மில்லை மறந்துவிட வேண்டும் என்கிற ஒருவரும் ஒரே வீட்டில் இருந்தால், அதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோட்பாடு இவ்வளவு போதும்.

## முதலில் வேலையைப் பங்கு போடுங்கள்

ஆண்கள் பலருக்கு வீடு என்பது வேலை முடிகிற இடம். பெண்களுக்கு அது அடுத்த ஷிப்ட். 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ம் வீட்டு வேலையில் கைவைக்கிற ஆண்களின் சராசரிதான். எட்டிப் பார்க்காதவர்கள் அதில் சேரவில்லை.

இதைத் தொடாமல் ‘எல்லை வகுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்’ என்று மட்டும் சொல்லும் புத்தகங்கள் பெண்களை ஏமாற்றுகின்றன. ஆகவே இதுதான் முதல் வேலை:

1. ஒரு தாளில் வீட்டு வேலைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், ரேஷன் கடை, ஹோம்வொர்க், மாமனாரின் மாத்திரை, ஆட்டுக்குத் தழை என எதையும் விடாதீர்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இப்போது அதைச் செய்பவர் பெயரை எழுதுங்கள்.
3. ஷிப்ட் முடிந்து திரும்பிய முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் தலையில் விழும் வேலைகளுக்கு மட்டும் வட்டம் போடுங்கள்.
4. வட்டம் போட்டதில் பாதியையாவது வேறு ஆளுக்கோ வேறு நேரத்துக்கோ மாற்றுங்கள். முழுப் பட்டியலையும் ஒரே நாளில் மாற்றப் போனால் எதுவும் மாறாது.

குறிப்பு: கொடுக்கிற வேலையை முழுசாகக் கொடுங்கள். பாத்திரம் அவருடைய பொறுப்பு என்றால், சோப்புத் தீர்ந்துபோனதைக் கவனிப்பதும் அவருடைய பொறுப்புதான். நீங்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால் வேலை கை மாறவில்லை என்று பொருள்.

மாமியாரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் சண்டை இல்லாத ஒரு மத்தியான நேரமாகப் பார்த்து, ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்: “அத்தை, நான் வந்து குளிச்சிட்டு அரை மணி நேரத்துல அடுப்படிக்கு வந்துர்றேன். அதுவரைக்கும் பாப்பாவுக்குப் பால் மட்டும் ஆத்திக் கொடுத்துருங்க.” நேரமும் வேலையும் தெளிவாக இருப்பதால் இதற்கு ‘சரி’ என்று சொல்வது அவருக்கும் எளிது.

## பகல் ஷிப்ட்: திரும்பி வரும் வழி

ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகத் தேவதானம் வர ஏறக்குறைய 15 கிலோமீட்டர். மில் வேனிலோ டவுன் பஸ்ஸிலோ கழியும் இந்த நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். மில்லை இறக்கி வைக்க உங்களுக்குக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். மில்லுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருப்பவர்களுக்கு அந்த வசதிகூட இல்லை.

1. ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஷிப்ட் ஆளிடம் எந்த ஃபிரேம் தகராறு செய்கிறது, எதைச் சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட விஷயம்தான் ராத்திரி பத்து மணிக்கு நினைவுக்கு வரும்.
2. பஞ்சை அங்கேயே விடுங்கள். முகம், கை, கழுத்து கழுவி, தலைமுடியை நன்றாக உதறிக்கொள்ளுங்கள். மேலே போடும் கோட்டை வீட்டுக்கு எடுத்து வருவதாக இருந்தால் தனிப் பையில் கட்டி எடுத்து வாருங்கள்.
3. வழியில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேத்தூர் வரை மில் பேச்சு, சேத்தூர் தாண்டினால் இல்லை என்று வேனில் வருகிற நாலு பேர் சேர்ந்து முடிவு செய்யலாம். சூப்பர்வைசரைத் திட்டுவதாக இருந்தால் அதற்குள் திட்டி முடித்துவிடுங்கள்.
4. காய்கறி வாங்குவதை ஊர் எல்லைக்கு முன்பே முடியுங்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டு மறுபடி கடைக்குப் போனால் இவ்வளவு நேரம் செய்த ஏற்பாடு கலைந்துவிடும்.
5. வாசலில் கால் கழுவுங்கள், உடுப்பை மாற்றுங்கள். மில் துணிக்குத் தனி வாளி. பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளத்தான் செய்யும். துணி மாற்றியதும் தூக்கிக்கொள்ளலாம் என்று பழக்கினால் அதுவும் பழகிக்கொள்ளும்.
6. முதல் இருபது நிமிடம்: காப்பி, உட்காருவது, பிள்ளை. இந்த இருபது நிமிடத்தில் குழுப் பணம், கரன்ட் பில், பக்கத்து வீட்டுத் தகராறு எதுவும் பேசக் கூடாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.
7. அதன் பிறகு அடுப்படி.

வழக்கமாக நடக்கும் தவறுகள்: வந்ததும் போனோடு படுத்துவிடுவது முதல் தவறு. இளைப்பாறுவதுபோல் இருக்கும், ஒரு மணி நேரம் கழித்து எழுந்தால் களைப்பும் அப்படியே, வேலையும் அப்படியே. பைகூட இறக்காமல் அடுப்பைப் பற்றவைப்பது அடுத்தது. நைலான் கலந்த உடுப்பில் பஞ்சு ஒட்டியிருக்கும்போது நெருப்புக்குப் பக்கத்தில் போவது ஆபத்து. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வேலைக்குப் போய்வந்த மனைவி நுழைந்ததும் “ராத்திரிக்கு என்ன?” என்று கேட்காதீர்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அரிசியைக் களைந்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.

பாதுகாப்பு: விடுமுறை முடிந்து மில்லுக்குப் போகிற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்கமாக இருந்து, அடுத்தடுத்த நாட்களில் குறைகிறதா? பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோயின் தொடக்க அடையாளம் அது. ‘லீவு போட்டதால் உடம்பு சோம்பிப் போச்சு’ என்று விட்டுவிடாமல் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

## அரை நைட்டும் முழு நைட்டும்

இங்கே எல்லையைக் காப்பது பெரும்பாலும் தூக்கத்தைக் காப்பதுதான். உடம்பின் இரவு–பகல் ஒழுங்கைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது’ என்ற வகையில் சேர்த்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முழு நைட் பார்த்தவர் பகலில் தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்று பேசுகிற உறவினர்களுக்குப் பதில் சொல்ல உதவும்.

1. கடைசி டீயை விடியற்காலை 3 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குடித்த டீயின் வேகம் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.
2. வேனில் வருபவர் துண்டையோ முந்தானையையோ கண்ணை மறைத்துப் போட்டுக்கொள்ளலாம். வெயில் பட்டால் உடம்பு விழித்துக்கொள்ளும்.
3. இரண்டு இட்லி, ஒரு குளியல், உடனே படுக்கை. ‘பாத்திரத்தை மட்டும் போட்டுவிட்டுப் படுக்கிறேன்’ என்று ஆரம்பித்தால் மணி பதினொன்று ஆகிவிடும்.
4. பின்கட்டு அறையில் ஜன்னலைக் கனமான பழைய சேலையால் மறையுங்கள். மின்விசிறிச் சத்தம் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். ஆடி மாதம் கோயில் ரேடியோ செட் போட்டால் மெடிக்கலில் கிடைக்கும் காது அடைப்பானை வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.
5. கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். துணி தொங்கினால் யாரும் தட்டக் கூடாது. பால்காரர், சிலிண்டர் போடுபவர், குழு வசூலுக்கு வரும் அக்கா எல்லோரிடமும் மாலையில் வரச் சொல்லிவிடுங்கள்.
6. போனை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் படுங்கள்.
7. ஒரே மூச்சில் தூக்கம் வராவிட்டால் பகலில் நாலைந்து மணி நேரம், ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துத் தூங்கலாம். தவறில்லை.

பாதுகாப்பு: நைட் முடிந்து இருசக்கர வண்டியில் தென்காசி ரோட்டில் வருவது இந்த அத்தியாயத்திலேயே மிக ஆபத்தான விஷயம். கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரிகள் ஓடும் சாலை அது. கண் இமை கனத்தாலோ, கடந்து வந்த ஊர் நினைவில் இல்லை என்றாலோ வண்டியை டீக்கடையில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவது போதாது. முடிந்தால் நைட் வாரத்தில் வண்டியையே எடுக்காதீர்கள். வெயிலை மறைக்க முன்பு சொன்ன வழி வண்டி ஓட்டுபவருக்கு அல்ல.

பெண்களுக்கு இன்னொன்று. இரவில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்த சட்டப்பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ரத்து செய்தபோது, பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் செய்தது. வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனால், தெரு வரை வரச் சொல்லிக் கேளுங்கள். அது சலுகை கேட்பது ஆகாது.

## தறியும் வீடும் ஒரே கூரையில்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓடும் வீடுகளில், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு நிலைப்படிதான் இருக்கும். கடந்து வருவதற்கு வழியே இல்லாததால் எல்லையைக் கையால் போட வேண்டியிருக்கிறது. இந்த ஊர்களில் அதை முதலில் போட்டது மின்வாரியம்தான் என்பது வேடிக்கை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம், வீட்டுக்கு 100 யூனிட் என்று கணக்கு வேறு வேறாக இருப்பதால் மீட்டரும் வேறு வேறு. மீட்டருக்கு இருக்கிற பிரிவினை ஆளுக்கும் இருக்கட்டும்.

1. தரையில் கோடு. தறியைச் சுற்றிப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். மோட்டார் ஓடும்போது பிள்ளைகள் கோட்டைத் தாண்டக் கூடாது. பெல்ட்டுக்கு மூடி கட்டாயம். தாவணி, துப்பட்டா, அவிழ்த்த கூந்தலோடு பெரியவர்களும் உள்ளே போகக் கூடாது.
2. தறிக்குத் திறப்பு நேரம், அடைப்பு நேரம். கூலி, நெய்த துணியின் மீட்டர் கணக்கில் என்பதால் ‘இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்’ என்றே தோன்றும். அடைப்பு நேரத்தில் மெயின் சுவிட்சை அணைக்கும் பொறுப்பைத் தறி ஓட்டாத ஒருவரிடம் கொடுங்கள். அவசர ஆர்டர் வந்தால் எத்தனை நாள் நீட்டிப்பது என்பதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.
3. சாப்பாடு கோட்டுக்கு வெளியே. தட்டோடு தறியருகில் நின்று சாப்பிடுவது பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கடினம்.
4. நிறுத்தியதும் பத்து நிமிடம் பேச்சு வேண்டாம். தறி ஓடும் அறையில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலைகளுக்கே எட்டு மணி நேரத்துக்கு விதித்த உச்ச அளவு 90. அதில் நின்றுவிட்டு வந்தவருக்குக் காது மந்தமாக இருக்கும். அவர் சாதாரணமாகப் பேசுவதாக நினைப்பது மற்றவர்களுக்குக் கத்தலாகக் கேட்கும். எத்தனையோ வீடுகளில் ‘எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழுறாரு’ என்ற குறைக்குக் காரணம் குணம் அல்ல, காது.
5. நூல்காரர், வியாபாரி போன்களுக்கு ஒரு நேரம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

தையல் மெஷின் வைத்திருப்பவர்களும், பால்கோவா கிண்டி விற்கும் வீடுகளும் இதையே தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பால்கோவா அடுப்பில் கொதிக்கும் வாணலியைச் சுற்றிக் கோடு இன்னும் அகலமாக இருக்கட்டும்.

## போன் வழியாக வீட்டுக்குள் வரும் வேலை

வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018-ல் இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே நம்முடைய எல்லையை நாமேதான் பேசி வாங்க வேண்டும்.

1. வாட்ஸ்அப் குழுக்களின் சத்தத்தை மாலை 7 மணிக்கு மேல் அணைத்துவையுங்கள். குழுவைவிட்டு வெளியேற வேண்டாம்; வீண் பகைதான் மிஞ்சும்.
2. உண்மையான அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், செய்தி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். “சார், ராத்திரில மெசேஜ் பார்க்க மாட்டேன். அவசரம்னா போன் பண்ணிருங்க, எடுத்துருவேன்.” கூப்பிடுவதற்கு எல்லோரும் ஒரு கணம் யோசிப்பார்கள், பாதி அவசரம் அந்த யோசனையிலேயே தீர்ந்துபோகும்.
3. சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒருநாள் இரவு 10 மணிக்குப் பதில் போட்டால் மறுநாளும் எதிர்பார்ப்பார்கள்.

## வீடு வேலைக்குள் வரும்போது

பல மில்களில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற நினைப்போடு மெஷினில் கை வைப்பது ஆபத்து.

1. மில்லின் ஆபீஸ் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஷிப்ட், டிபார்ட்மென்ட், உங்கள் டோக்கன் நம்பர் மூன்றும் அதில் இருக்கட்டும்.
2. எதெல்லாம் அவசரம் என்று வீட்டாரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். காய்ச்சலில் வலிப்பு வந்தால் அவசரம். பிள்ளை ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் இல்லை.
3. உங்களுக்குத் தகவல் வருவதற்கு முன்பே உதவக் கூடிய ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து வீட்டு மதினியோ தெருக்கோடிச் சித்தப்பாவோ, அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். 108-ஐ அழைக்க உங்கள் அனுமதிக்காக யாரும் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.
4. காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினால், கேட்டுக்குள் போவதற்கு முன் ஒரு போன் போட்டு “சாயங்காலம் வந்து பேசிக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். சமாதானம் ஆக வேண்டியதில்லை. பேச்சுக்கு ஒரு நேரம் குறித்துவிட்டால் கை வேலையில் நிற்கும்.

## காலண்டர்

ஷிப்ட் வாராவாரம் மாறுகிறவர்கள் மாதக் காலண்டரில் பகல், அரை நைட், முழு நைட் மூன்றுக்கும் மூன்று நிறப் பேனாவால் குறித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். ஷிப்ட் மாறும் நாளில் விருந்து, காதுகுத்து, தூரப் பயணம் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாஸ்தா கோயிலுக்கோ அணைப் பக்கமோ போவதை முழு நைட் வாரம் முடிந்த மறுநாளுக்கு வைக்காமல் பகல் ஷிப்ட் வார லீவுக்கு வையுங்கள். ஓவர்டைம் கேட்டால் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்து வரும் விதி. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதையும் நினைவில் வையுங்கள். பேசினால் மாறும்.

## சரிப்பட்டு வராவிட்டால்

மூன்று வாரம் செய்து பாருங்கள். பிறகும் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையை அடித்துவிட்டு வருந்துகிறீர்கள் என்றால் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் அடி உதை என்றால் இந்த அத்தியாயம் அதற்கான மருந்து அல்ல. பெண்கள் 181-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதில் உள்ள பல படிகளை நீங்கள் தனியாகச் செய்ய முடியாது. படித்து முடித்ததும் புத்தகத்தை அலமாரியில் வைக்காமல் உங்கள் வீட்டில் வேலைக்குப் போகாதவர் கையில் கொடுங்கள். ‘முதல் இருபது நிமிடம்’ என்று இருக்கிற 6-ஆம் படியையும் சிவப்புத் துணி பற்றிய 5-ஆம் படியையும் மட்டுமாவது அவர் படிக்கட்டும்.